சீனி இல்லாத வீடு

அப்பாவுக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு இருக்கிறது என்று கண்டி டாக்டர் சொன்னபோது, முன்பின் தெரியாத யாரோ ஒருவரைப் பற்றிய செய்தியைப் போல அதைக் கேட்டுக்கொண்டு அவர் பஸ் ஏறி வந்துவிட்டார் என்று அம்மா சொல்வார்.

கட்டுகஸ்தோட்டையில் அப்பாவுக்குச் சின்னதாக ஒரு புடவைக்கடை இருந்தது. துணி கிழிக்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் தேநீர்தான். கரண்டி நட்டமாக நிற்கும் என்று நாங்கள் கேலி செய்யும் அளவுக்கு அதில் சீனி இருக்கும். டாக்டரிடம் போய்வந்த மறுநாள் அம்மா சீனி போடாமல் கொடுத்தார். அப்பா சண்டை பிடிக்கவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தார்; கடைக்குப் பக்கத்து ஹோட்டலில் வழக்கமானதைக் குடித்தார். இத்தனை வருஷம் பழகிய உடம்பு, திடீரென்று மாற்றினால்தான் கெட்டுப்போகும் என்பது அவர் கட்சி. சில நாட்களில் அம்மாவும் ஓய்ந்துபோனார்.

பிறகு நாட்டில் சீனிக்குத் தட்டுப்பாடு வந்தது. கூப்பனுக்குக் கிடைத்த கொஞ்சமும் தம்பிக்கும் எனக்குமே போதவில்லை. பக்கத்து ஹோட்டலிலும் சீனி போடாத வெறும் சாயத் தேநீர்தான். அப்பா முணுமுணுக்கவே இல்லை. ஊர் குடித்ததை அவரும் குடித்தார். போகப்போக அவருடைய கால் எரிச்சல் குறைந்தது, முகம் தெளிந்தது. மனம் வைத்தால் முடியாதது உண்டா என்று டாக்டர் மற்ற நோயாளிகளிடம் அப்பாவை உதாரணம் காட்டினாராம். அந்தப் பாராட்டை அப்பா மறுக்கவில்லை.

அரசாங்கம் மாறியது. கடை வாசல்களில் மறுபடியும் சீனி மூட்டைகள் வந்து உட்கார்ந்தன. தம்பியும் நானும் உள்ளங்கையில் கொட்டி நக்கித் திரிந்தோம். அன்று மாலை அம்மா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றார்.

"இவ்வளவு நாளு இல்லாம இருந்தீங்கதானே. அப்படியே இருக்கலாமே?"

"அப்ப இல்ல, குடிக்கல. இப்ப இருக்கு. எல்லா வீட்டுலயும் போடுற மாதிரி போடு" என்றார் அப்பா.

அந்தக் கோப்பையை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். நல்ல காலம் திரும்பிவிட்டது என்றுதான் எனக்குப் பட்டது.

அடுத்த மழைக்காலத்தில் புதுச் செருப்பு கடித்து அப்பாவின் வலது காலில் புண் வந்தது. எப்போதும் போடும் எண்ணெயையே போட்டுக்கொண்டிருந்தார். கால் கறுக்கத் தொடங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தார். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். கட்டுப்போட்ட காலைப் பார்க்கப் பயந்து நான் கட்டிலின் தலைமாட்டிலேயே நின்றுகொண்டேன்.

அப்போது வார்டில் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தார்கள். சீனி இல்லாத தேநீர். அப்பா அதை வாங்கிச் சாதாரணமாகக் குடித்தார். எப்படிக் குடிக்க முடிகிறது என்று அம்மா மெதுவாகக் கேட்டார்.

"இங்க இப்படித்தான் குடுக்குறாங்க."

அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்பா வீட்டுக்கு வருவதற்கு முன்பே அம்மா இருந்த சீனியையெல்லாம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். அப்பா வந்த அன்று எல்லோருக்கும் ஒரே தேநீர் வந்தது. தம்பி முகத்தைச் சுளித்தான். கடையில் சீனி இல்லையாம் என்று அம்மா அடுப்பைப் பார்த்தபடி சொன்னார். அப்பா நடமாடத் தொடங்கியதும், ஹோட்டலுக்குப் போகத் தேவையில்லாதபடி அதே தேநீர் பிளாஸ்கில் புடவைக்கடைக்கும் போயிற்று. கைக்கு எட்டியதை அவர் குடித்தார்.

எனக்கு அம்மா மேல் கோபம். பள்ளிக்கூடம் போகிற வழியில் மூட்டை மூட்டையாகச் சீனியைப் பார்க்கிறேன். இப்படி ஒரு பொய் எதற்கு? அப்பாவும் அதே வழியாகத்தான் தினமும் நொண்டி நொண்டிக் கடைக்குப் போனார். அவர் கண்ணிலும் அந்த மூட்டைகள் பட்டிருக்கும். என்றாவது கேட்பார், அம்மா மாட்டிக்கொள்வார் என்று நான் வெகுநாள் காத்திருந்தேன். இருந்த காலம் வரைக்கும் அவர் கேட்கவே இல்லை. அவர் ஏன் கேட்கவில்லை என்பதுதான் அன்று எனக்கு விளங்கவில்லை.