ஏரிக்கரையில் நான் மொழிபெயர்த்தது

பெரம்பலூரில் குடியிருந்துகொண்டு, அரியலூருக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். பல வருஷமாக இதே வேலைதான். காலையில் பஸ், மதியம் வகுப்பு, சாயங்காலம் பஸ் என்றே போன வாழ்க்கையில், சீமைக்கருவேலத்தை அகற்ற ஒரு திட்டம் எழுதி நிதி வாங்கிய பிறகுதான் நாலு பேருக்கு என்னைத் தெரிந்தது. மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். சால்வைகள் பீரோவில் இருக்கின்றன. எதையும் நான் பிரித்துப் போர்த்திக்கொண்டதில்லை.

உடையார்பாளையத்துக்கு மேற்கே ஒரு ஏரி. உள்வாய் முழுக்கச் சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்டு, மழைக்காலத்திலும் தண்ணீர் தேங்க இடமில்லாமல் கிடந்தது. வெளியூரிலிருந்து வந்த செடிகள் இங்கே காடாகப் பரவுவதைப் பற்றி ஆராயவும், ஊர் மக்களோடு சேர்ந்து அவற்றைக் கட்டுப்படுத்தவும் ஒரு அறக்கட்டளை நிதி தருவதாக அறிவித்திருந்தது. துறைத் தலைவர் அந்த அறிவிப்பைக் காட்டி, "நீங்க எழுதுங்க மேடம், உங்களுக்குத்தான் கோவையா எழுத வரும்" என்றார். எனக்கும் ஆசைதான். அதுவரை யாரும் என்னை நம்பிப் பெரிதாக எதையும் கொடுத்ததில்லை.

விண்ணப்பம் எழுதுவதற்கு முன் ஏரியைப் பார்க்கத் தனியாகப் போனேன். சதுரம் சதுரமாகக் கயிறு கட்டி, உள்ளே எத்தனை மரம், எத்தனை கன்று, கீழே வேறு என்ன செடி மிஞ்சியிருக்கிறது என்று குறித்துக்கொண்டிருந்தபோது, செருப்பைத் துளைத்துக்கொண்டு காலில் முள் ஏறியது. கத்திவிட்டேன். புதருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் ஓடிவந்தார். என் வயதுதான் இருக்கும். கை, முகம், சேலை எல்லாம் கரி. என்னை உட்காரவைத்து, காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, தாலிக்கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி முள்ளை எடுத்தார்.

"சீமக்கருவ முள்ளு டீச்சர், உள்ள ஒடிஞ்சா சீழ் வெச்சிடும். அசையாம இருங்க."

நான் டீச்சர் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"நோட்டும் கையுமா கருவக்காட்டுக்குள்ள வேற யாரு வருவாங்க?" என்று சிரித்தார்.

அங்கே நான்கு குடும்பங்கள் கரிமூட்டம் போட்டுப் பிழைத்துவந்தன. பஞ்சாயத்தில் ஏலம் எடுத்தவரிடம் கூலிக்கு மரம் வெட்டி, கட்டையை அடுக்கி, மேலே வைக்கோலும் மண்ணும் பூசி, உள்ளே நெருப்பைக் கனியவிட்டுக் கரியாக்குவது அவர்கள் வேலை. தன் மூட்டத்தை அவர் எனக்குச் சுற்றிக்காட்டினார். எந்த ஓட்டையை அடைத்தால் எந்தப் பக்கம் வேகும் என்று சொன்னார். அடிமரத்தை விட்டு வெட்டினால் மூன்றாம் வருஷம் கை தடிமனுக்குத் திரும்பி வந்துவிடும் என்றார். அதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

"எதுக்குங்க இதெல்லாம் எளுதுறீங்க?"

"ஏரியச் சுத்தம் பண்ண ஒரு திட்டம் வருதுக்கா."

"வேரோட எடுத்துடுவாங்களா?"

அவர் கேட்டதில் பதற்றம் இருந்தது. நான் உடனே, "உங்கள விட்டுட்டு எதுவும் செய்ய மாட்டோங்கக்கா" என்றேன். யாரும் சொல்லச் சொல்லவில்லை. காலில் வலி குறைந்திருந்த சந்தோஷத்தில் சொன்னேன்.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. இந்தத் திட்டத்தால் யாருடைய பிழைப்பாவது பாதிக்கப்படுமா, ஆம் என்றால் அவர்களுக்கு என்ன மாற்று ஏற்பாடு என்று விளக்கவும். அனுப்ப வேண்டிய கடைசி நாள், சாயங்காலத்துக்குள் அனுப்பியாக வேண்டும். நான் 'ஆம்' என்று போட்டு, நான்கு குடும்பங்களைப் பற்றி ஒரு பத்தி எழுதிவைத்திருந்தேன். துறைத் தலைவர் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.

"ஆம்னு போட்டா அதுக்குத் தனியா ஒரு அறிக்கை கேப்பாங்க மேடம். அவங்ககிட்ட ஒப்புதல் வாங்கணும். இந்த வருஷம் நடக்காது. வேற காலேஜுக்குப் போயிடும்."

அவர் என்னை மிரட்டவில்லை. பிறகு டீ குடிக்கப் போய்விட்டார். அறையில் நான் மட்டும்தான். அந்தப் பத்தியை அழித்துவிட்டு 'இல்லை' என்று அடித்தவள் நான்தான். அவர் திரும்பி வரும்வரை காத்திருக்கக்கூட இல்லை.

நிதி வந்தது. அடுத்த கோடையில் வேலை தொடங்கியது. தொடக்க விழாவுக்குப் பெரியவர்கள் வருவதாக இருந்ததால், காலையிலேயே பொக்லைன் வண்டியோடு ஏரிக்குப் போய்விட்டோம். கரைக்குப் பக்கத்தில் ஒரு மூட்டம் வெந்துகொண்டிருந்தது. புகை நேராக விழாப் பந்தலுக்குள் போனது. எனக்கு முள் எடுத்துவிட்டவர், வண்டியைப் பார்த்ததும் ஓடிவந்தார். கூட அவர் கணவரும்.

"டீச்சர், ரெண்டே நாளு. கரி எடுத்துக்கறோம். இப்ப தொறந்தா எல்லாம் எரிஞ்சு சாம்பலாயிடும்."

துறைத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "விருந்தாளிங்க பத்து மணிக்கு வந்துடுவாங்க மேடம். போட்டோல பூரா புகைதான் இருக்கும்."

வண்டி ஓட்டுநர் என்னைப் பார்த்தார். திட்டத்துக்குப் பொறுப்பாளர் நான். என் வார்த்தைக்காகத்தான் அவர் காத்திருந்தார்.

"பஞ்சாயத்துல முன்னாடியே சொல்லியாச்சுக்கா" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். பஞ்சாயத்தில் யாரும் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. அது எனக்குத் தெரியும். பிறகு ஓட்டுநர் பக்கம் திரும்பித் தலையசைத்தேன். வண்டி மண்ணைத் தள்ளி மூட்டத்தை அமுக்கியது. அந்தப் பெண் தன் கணவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கரைமேல் நின்றார். விழாவில் நான் வரவேற்புரை பேசி முடிக்கும்வரை இருவரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

அந்த மழைக்காலத்தில் ஏரி நிறைந்தது. இதை நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் திட்டம் பொய்யில்லை. கோரை தளிர்த்தது, நாரைகள் வந்தன, கீழே பாசன நிலக்காரர்கள் நடவு போட்டார்கள். ஆய்வுக்காக நாங்கள் கட்டிய சதுரங்களில் பழைய செடிகள் திரும்ப முளைத்ததைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. அந்தச் சந்தோஷத்தில் மற்றதை மறந்துவிடலாம் என்று நினைத்தேன். ஓரளவு மறந்தும் போனேன்.

அடுத்த கட்ட நிதிக்கு முன் அறக்கட்டளையிலிருந்து ஓர் அம்மையார் மதிப்பீடு செய்ய வந்தார். வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது. மக்களோடு நேரடியாகப் பேச வேண்டும் என்றார். மொழிபெயர்ப்பு நான். கரையில் வேப்பமரத்தடியில் நாற்காலிகள் போட்டிருந்தோம். விவசாயிகள் ஒவ்வொருவராக எழுந்து தண்ணீரைப் பற்றிப் பேசினார்கள். வரிக்கு வரி பிசகாமல் சொன்னேன். பின்னால் தரையில் உட்கார்ந்திருந்த பெண்களைக் காட்டி, "வேலை தொடங்குவதற்கு முன் உங்களிடம் கேட்டார்களா?" என்று அம்மையார் கேட்டார். அதையும் தமிழில் சொன்னேன். கரிமூட்டம் போட்ட அந்தப் பெண் எழுந்தார்.

"கேக்கலங்க. ஒரு நாளு இந்த டீச்சர் வந்தாங்க. உங்கள வுட்டுட்டு எதுவும் செய்ய மாட்டோம்னாங்க. அப்புறம் ஒரு நாளு காலைல பாத்தா வண்டி வந்து நிக்குது. மூட்டம் வெந்துகிட்டு இருந்துச்சு, ரெண்டு நாளு கேட்டோம், குடுக்கல. மண்ணத் தள்ளி மூடிட்டாங்க. இப்ப எங்க வூட்டுக்காரரு ஆலத்தியூர் சிமெண்டு ஆலைல லாரிக்குத் தார்ப்பா கட்டறாரு. வாரத்துக்கு ஒரு தடவதான் வூட்டுக்கு வராரு. நான் முந்திரி ஒடைக்கப் போறேன். தண்ணி வந்துச்சு, நல்லதுதான். எங்களுக்கு நெலமில்ல, அந்தத் தண்ணிய வெச்சு நாங்க என்ன பண்றது? அத இந்தம்மாகிட்ட கேளுங்க."

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். அம்மையார் பேனாவோடு காத்திருந்தார். துறைத் தலைவர் தரையைப் பார்த்தார். நான் ஆங்கிலத்தில் சொன்னது இவ்வளவுதான்: "ஏரியில் இப்போது தண்ணீர் நிற்கிறது, நல்லது என்கிறார். அவருக்கும் கணவருக்கும் வேறு வேலை கிடைத்துவிட்டது என்கிறார்."

அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இவ்ளோ சொன்னனே டீச்சர், இங்கிலீசுல இத்தனூண்டுதானா?"

கூட்டம் சிரித்தது. விவரம் புரியாமல் அம்மையாரும் சிரித்தார். நானும் சிரித்தேன். அதை நினைக்கும்போதுதான் இப்போதும் உடம்பு கூசுகிறது. பொய் சொன்னதைவிட, அந்தச் சிரிப்பில் கலந்துகொண்டதை. அம்மையார் எழுந்து போய் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, கற்றுவைத்திருந்த ஒரே தமிழ்ச் சொல்லால் "நன்றி" என்றார். யாரோ படம் எடுத்தார்கள்.

இரண்டாம் கட்ட விண்ணப்பத்தில் ஒரு புதுப் பகுதி சேர்த்திருந்தார்கள். பயனடைந்த ஒருவரின் அனுபவம், அவருடைய சொந்த வார்த்தைகளில், ஒரு பக்கம். கூடவே அம்மையாரின் குறிப்பு: கைபிடித்துப் பேசிய அந்தப் பெண்ணின் அனுபவமே இடம்பெறட்டும். நானே உட்கார்ந்து எழுதியிருப்பேன். இரண்டு நாள் முயன்றும் பார்த்தேன். அவர் பேசுவதுபோல் என்னால் ஒரு வரிகூட எழுத முடியவில்லை.

உடையார்பாளையத்துக்குப் போய் விசாரித்தேன். ஒரு தகரக் கொட்டகையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து முந்திரி உடைத்துக்கொண்டிருந்தார்கள். அவரும் இருந்தார். முந்திரிக்கொட்டைப் பால் பட்டு விரல்களில் தோல் கறுத்து உரிந்திருந்தது. பால் ஒட்டாமலிருக்கச் சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைத்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க டீச்சர், கால் நல்லா இருக்கா?" என்றார்.

நின்றபடியே சொல்லிவிட்டேன். "அக்கா, அன்னைக்கு நீங்க சொன்னத நான் அப்படியே சொல்லலக்கா."

"தெரியும்." கட்டையால் ஒரு கொட்டையைத் தட்டினார். "அந்தம்மா எதுக்கு என் கையப் புடிச்சு நன்றி சொன்னாங்க? அதுதான் இன்னும் புரியல. வூட்ல கூடச் சொல்லிச் சொல்லிப் பாத்தோம்."

சொன்னேன். நீங்கள் சந்தோஷமாக இருப்பதாக நான் சொல்லிவிட்டேன் என்று. அவர் கையை நிறுத்தினார். பக்கத்திலிருந்த பெண்களும் நிறுத்தினார்கள்.

"அதுக்குத்தான் நன்றியா?"

"ஆமாங்கக்கா."

"அப்ப நான் அங்க நின்னு பேசுனது ஒண்ணுமே அந்தம்மாவுக்குப் போவல."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். வெகுநாளாகத் தேடிய பொருள் தொலைந்தேவிட்டது என்று தெரிந்தவர்போல உட்கார்ந்திருந்தார். சாம்பலில் விரலைத் தோய்த்துக்கொண்டே, "இப்ப எதுக்கு வந்தீங்க?" என்றார். உங்கள் வார்த்தையில் ஒரு பக்கம் வேண்டும் என்று சொன்னேன்.

"நான் சொல்றத அப்படியே எளுதுவீங்களா?"

"எழுதறேங்கக்கா."

"மொதல்ல, ஏரில தண்ணி நிக்குதுன்னு எளுதுங்க. அது நெசம். இல்லாதத சொல்ல வேணாம். அப்புறம் நான் சொல்றேன்."

என் கண்ணில் தண்ணீர் வந்தது அப்போதுதான். அவர் முந்திரியை உடைத்துக்கொண்டே சொல்லச் சொல்ல எழுதினேன். மூன்று பக்கம் வந்தது. படித்துக்காட்டச் சொன்னார். இரண்டு இடத்தில் திருத்தினார். அதை முழுதாக மொழிபெயர்த்து, முதல் விண்ணப்பத்தில் நான் 'இல்லை' என்று போட்டதையும் ஒரு கடிதமாக எழுதி, துறைத் தலைவரிடம் காட்டாமல் அனுப்பினேன்.

அறக்கட்டளை இரண்டாம் கட்டத்தை நிறுத்திவைத்தது. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. கல்லூரி முதல்வர் அறையில் ஒரு மணி நேரம் நின்றேன். திட்டப் பொறுப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டு இளைய ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்தார்கள். பிறகு வேலை திரும்பத் தொடங்கியபோது, மேற்குப் பக்கக் காட்டைக் கையால் வெட்டி அகற்றும் வேலையும் கரியும் அந்தக் குடும்பங்களுக்கே என்று ஒப்பந்தமானது. மூன்று குடும்பங்கள் போயின. அவர் போகவில்லை. கணவர் ஆலத்தியூரிலேயே இருந்துவிட்டார். ஒற்றை ஆளாக மூட்டம் போட முடியாது. அம்மையாரிடமிருந்து அவருக்கு ஒரு பதில் கடிதம் வந்ததாகவும், அதைத் தமிழில் படித்துச் சொல்ல அந்த இளைய ஆசிரியரைத்தான் அவர் கூப்பிட்டதாகவும் கேள்விப்பட்டேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று நான் கேட்கவில்லை.

போன மாதம் ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். கையில் சாப்பாட்டுப் பை. வெயிலுக்கு முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. போய்ப் பேசியிருக்கலாம். அவரும் "வாங்க டீச்சர்" என்றுதான் சொல்லியிருப்பார். நான் பழக்கடைக்குப் பின்னால் போய், வாங்கப்போகிறவள்போல ஆரஞ்சுகளைப் புரட்டிக்கொண்டு நின்றேன். அவருடைய பஸ் வந்து, அவர் ஏறி, அது வெளியே திரும்பும்வரை நின்றேன். எத்தனை கிலோ வேண்டும் என்று கடைக்காரர் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.