அஞ்சலையின் கடிதத்தில் நான் எழுதாத வரி

எண்பதுகளில் மலேசியாவில், அசாம் ஜாவா என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் டிரெஸர், டாக்டர் இல்லாத கிளினிக்கின் மருத்துவ உதவியாளன். காய்ச்சல், வெட்டுக்காயம், பாம்புக்கடி எல்லாவற்றுக்கும் நான்தான். என் கைக்கு மீறியதைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு லெட்டர் எழுதி அனுப்புவேன். அந்த லெட்டரை ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி படித்து, தோட்டத்து முத்திரையான சாப் அடித்த பிறகுதான் அது வெளியே போகும். கிராணி படித்தால் மறுநாள் தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயம் முழுக்கத் தெரிந்துவிடும்.

பால்மரம் வெட்டும் அஞ்சலைக்குக் கர்ப்பப்பை கீழே இறங்கிவிட்டது. ஐந்து பிள்ளை பெற்றவள். துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இரண்டு வருஷம் பால் வாளி தூக்கியிருக்கிறாள். வெளியே சொல்ல வெட்கம்.

“ஆப்பரேசன் பண்ணா மறுபடி வேலைக்குப் போலாமா ஐயா?”

“போலாம் லா. பயப்படாதம்மா.”

அவள் குரலைத் தாழ்த்தினாள். “அந்தப் பழைய விசயத்த மட்டும் எழுதிராதீங்க. எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா என்னைய உசுரோட விடமாட்டாரு.”

நான்கு வருஷத்துக்கு முன், ஆறாவதாக உண்டானதைப் புருஷனுக்குத் தெரியாமல் யாரிடமோ போய்க் கலைத்திருந்தாள். வயிற்றுக்குள் சீழ் பிடித்து, காய்ச்சலில் சாகக் கிடந்தாள். பத்து நாள் ஊசி போட்டுக் காப்பாற்றினேன். பதிவுப் புத்தகத்தில் ‘மலேரியா’ என்று எழுதினேன்.

அப்படிச் சீழ் வைத்த வயிற்றில் குடலும் கர்ப்பப்பையும் ஒட்டிக்கொள்ளும் என்பது நான் படித்த பாடம்தான். ஆனால் கிராணியின் முகம் கண்முன் வந்தது. போனில் சொல்லலாமென்றால் போனும் அவர் மேசையில்தான். ‘முன் நோய்: இல்லை’ என்று எழுதிக் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறக்காமல், கீழ்வழியாகவே கர்ப்பப்பையை எடுக்க ஆரம்பித்திருக்கிறார்கள். ஒட்டியிருந்த குடல் கிழிந்தது. தைத்தும் தாங்கவில்லை. ஆறாம் நாள் அஞ்சலை செத்துப்போனாள்.

ஆஸ்பத்திரிக்குப் போன என்னிடம் தமிழரான சர்ஜன் கேட்டார்: “உள்ள எல்லாம் அட்ஹீஷன், ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கு. பழைய இன்ஃபெக்ஷன் இருந்திருக்கு. உங்களுக்குத் தெரியாதா? ஒரு வரி எழுதியிருந்தா முதல்ல வயித்துக்குள்ள லேப்ரஸ்கோப் குழாய விட்டுப் பார்த்திருப்பேனே.”

“தெரியாது டாக்டர்” என்றேன். அந்தப் பொய்யையும் சொன்னேன்.

கருமாதி முடிந்து அவள் புருஷன் கிளினிக்குக்கு வந்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். “ஒங்களால ஆனத செஞ்சீங்க ஐயா.” அந்தக் கையை உதறவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. அப்போதே செத்துவிடலாம் போலிருந்தது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். நோயாளியின் ரகசியம் டாக்டருக்குப் போயே ஆக வேண்டும். நடுவில் இருப்பவனுக்குப் போகக் கூடாது. அடுத்த லெட்டரிலிருந்து கவரை ஒட்டி, மேலே சாப் அடிக்கக் கொடுத்தேன். கிராணி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அவ்வளவுதான் நடந்தது.