தேங்காய்த்திட்டிலிருந்து மூலக்குளத்துக்கு, சொட்டுத் தண்ணீர் சிந்தாமல்

சனிக்கிழமை, பிற்பகல் 2.10. புதுச்சேரி பேருந்து நிலையத்தில் இறங்கியபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. கும்பகோணத்தில் இருபத்திரண்டு வருடம் சுற்றுலா வேன் ஓட்டியவன் நான். வாங்கி ஐந்து மாதமே ஆன புது வேன் வீட்டு வாசலில் நிற்கிறது. அதை விட்டுவிட்டு நாலு மணி நேரம் முழங்காலை மடக்கிக்கொண்டு பேருந்தில் வந்திருக்கிறேன். அந்த வேனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை, அதுதான் காரணம். காலியான சாலையில் தானாகப் பிரேக் போட்டு என் மூக்கை உடைக்கப் பார்க்கும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் முதலில் காது கேட்காததுபோல் இருந்துவிட்டு, பிறகு ஒரேயடியாகப் பாயும். சர்வீஸ் சென்டரில் மூன்று முறை சண்டை போட்டுவிட்டேன். கம்ப்யூட்டரில் கோளாறு எதுவும் காட்டவில்லை என்று மூன்று முறையும் ஒரே பதில்.

பிற்பகல் 3.00. நான் பார்க்க வந்தது அரியாங்குப்பத்தில் இருக்கும் என் சகலை சண்முகத்தை. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் சப்ளை செய்கிறவர். டவுன் பஸ்ஸில் பதினைந்து ரூபாய் கொடுத்து ஆற்றுப் பாலத்தைத் தாண்டி அவர் வீட்டில் போய் விழுந்தேன். என் வேன் புராணத்தைப் பாதியிலேயே நிறுத்தினார்.

"அதே மாதிரி வண்டி ஒண்ணு தேங்காய்த்திட்டுல வந்து எறங்கியிருக்கு, சகல. ரெண்டு நாளா பொம்பளைங்களக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்குது. நாளைக்குக் காலைல ஐஸ் போடப் போறேன், வந்து பாரு."

பிறகு விவரம் சொன்னார். துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து மூலக்குளத்தில் வீடு வீடாக விற்கும் பெண்கள் எட்டுப் பேர். கூடையில் தண்ணீர் சொட்டுகிறது, நாறுகிறது என்று பேருந்தில் ஏற்றாததால் சேர்ந்து ஒரு வேன் வைத்துக்கொண்டவர்கள். பழைய வேனை அவர்களில் ஒருத்தியான வளர்மதி பதினோரு வருடம் ஓட்டினாள். அது ஓய்ந்துபோகவே, வியாழக்கிழமை புது வேன் எடுத்துப் பூசை போட்டார்கள். வெள்ளியும் சனியும் அது போட்ட குலுக்கலில், உயிர் நண்டு போட்ட டப்பிலிருந்து தண்ணீர் எல்லார் மடியிலும் கொட்டியது. ஞாயிறும் கொட்டினால் திங்கள் முதல் வெளியாள் ஒருவன் டிரைவர் என்று குழுவில் முடிவாகிவிட்டது. தலைவி அஞ்சலை சாவியைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். பழைய வண்டியின் சாவி பதினோரு வருடமும் வளர்மதியின் கழுத்துக் கயிற்றில்தான் தொங்கியதாம்.

ஞாயிறு, காலை 4.50. துறைமுகத்தில் விளக்கு வெளிச்சத்தில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. வளர்மதிக்கு நாற்பது வயது இருக்கும். வேனின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ராத்திரி தூங்கிய முகமாக இல்லை. வேன் மட்டும் மணப்பெண் மாதிரி ஜோடித்து நின்றது. முன் பம்பரின் நடுவில், கம்பியில் கோத்த எலுமிச்சையும் மிளகாயும் மூன்று சரம் தொங்கின. முன்கண்ணாடியின் உச்சியில், உள்ளே மாட்டிய பின்பார்வைக் கண்ணாடிக்கு நேர் முன்னால், உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனமும் குங்குமமும்.

"ஏம்மா, மூணு சரம்?" என்றேன்.

"மொத நாள் ஒண்ணுதாண்ணா கட்டினோம். குலுக்குச்சு. கண்ணு பட்டுடுச்சுன்னு அஞ்சலக்கா இன்னொண்ணு கட்டினாங்க. நேத்து அதுக்கு மேல குலுக்குச்சு. அதான் இன்னிக்கி பெருசா ஒண்ணு."

இருபத்திரண்டு வருட அனுபவம் சும்மா இருக்குமா? நானே ஓட்டிக் காட்டுகிறேன் என்று வாய்விட்டேன். அஞ்சலை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அறுபதை நெருங்கும் கனத்த உருவம், மூக்கின் இருபுறமும் மூக்குத்தி. முடிச்சை அவிழ்த்துச் சாவியைக் கொடுத்தாள்.

"ஓட்டு. அந்த வேகத்தடை வரைக்கும். டப்பு உன் பக்கத்துலயே இருக்கட்டும்."

5.05. துறைமுக வாசலில் ஒரு வேகத்தடை. என் அனுபவம் அத்தனையையும் பெருவிரலில் திரட்டி மிதித்தேன். வண்டி ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் மிதித்தேன். பாய்ந்தது. வேகத்தடையில் ஏறி இறங்கிய அதே நொடியில், முன்னால் ஈ காக்கை இல்லாதபோது, பீப் பீப் என்று அலறித் தானாகப் பிரேக் போட்டு நின்றது. டப்புத் தண்ணீரில் பாதி என் வேட்டியில். மற்ற ஏழு பெண்களும் சிரித்த சிரிப்பில் ஏலம் ஒரு கணம் நின்றது. மானம் கப்பலேறிவிட்டது, துறைமுகம் என்பதால் கப்பலுக்கும் பஞ்சமில்லை.

வளர்மதி மட்டும் சிரிக்கவில்லை. வேகத்தடைக்கு அப்பால் ஓரமாக நின்றுகொண்டிருந்தவள் மெதுவாக வந்து பம்பருக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். எலுமிச்சைச் சரம் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அதன் பின்னால், பம்பரின் நடுவில், கையகலக் கறுப்புப் பட்டை ஒன்று இருந்தது.

"அண்ணா, சரம் மேல துள்ளி விழுந்துச்சு, ஒடனே வண்டி முட்டி மடக்குச்சு. ரெண்டு நாளா நான் உள்ளாரயே இருந்துட்டேன், தெரியல. வண்டி எடுத்த கடைலேருந்து கோயில் வரைக்கும் எட்டுப் பேரையும் ஏத்திக்கிட்டு நல்லாத்தானே வந்துச்சு? கோயில் வாசல்ல கட்டினப்புறம்தான் குலுக்க ஆரம்பிச்சுது."

எனக்கு உச்சந்தலையில் யாரோ ஐஸ் வைத்ததுபோல் இருந்தது. அந்தக் கறுப்புப் பட்டைக்குப் பின்னால்தான் முன்னே போகும் வண்டியை மோப்பம் பிடிக்கும் ரேடார் இருக்கிறது. அதன் மூக்கு நுனியில் இரும்புக் கம்பியை ஆட்டினால் பாவம் அது என்ன செய்யும்? கண்ணாடியின் உச்சியில் இருப்பது சாலைக் கோடு பார்க்கும் கேமரா. அதன் கண்ணில் சந்தனம். இதை வளர்மதியிடம் சொன்னேன்.

"டேஷ்போர்டுல ஒரு கேமரா படம் போட்டு மேல கோடு கிழிச்சிருந்துச்சுண்ணா. உள்ள போட்டோ எடுக்கக் கூடாதாக்கும்னு இருந்துட்டேன்."

சரத்தை அவிழ்க்க அஞ்சலை சம்மதிக்கவில்லை. பூசை போட்டுக் கட்டியதை அவிழ்த்தால் விளங்குமா என்று கேட்டாள். சந்தனத்தையும் துடைக்கக் கூடாது, அதுவாக உதிர வேண்டும். கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கோபம் வந்தது. வளர்மதிக்கு வரவில்லை.

"அவுத்துப் போடலக்கா. பின்னாடி கட்டறேன். முன்னாடி நிக்கறவங்க கண்ணு மட்டுமா படும்? வண்டி போனப்புறம் பின்னாடி நின்னு பாக்கறவங்கதானே ஜாஸ்தி."

அஞ்சலை யோசித்தாள். "அதுவும் வாஸ்தவம்தான்" என்றாள். மூன்று சரமும் பின் பம்பருக்குப் போயின. சந்தனத்தை வளர்மதி துணியால் துடைக்கவில்லை. ஈரவிரலால் வழித்துத் தன் நெற்றியில் இட்டாள். மிச்சத்தைக் கண்ணாடியின் கீழ் மூலையில் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்துவிட்டுத்தான் கண்ணாடியைத் துடைத்தாள்.

5.25. டப்பை விளிம்புக்கு நாலு விரல் குறைய நிரப்பி, அஞ்சலை தன் காலடியில் வைத்துக்கொண்டாள். ஐஸ் போட்டு முடித்த சகலை டீ வாங்கிக் கொடுத்தார், பன்னிரண்டு ரூபாய் டீ. எனக்கு வளர்மதியின் பக்கத்து சீட். அவள் செருப்பைக் கழற்றி வேனின் படியில் வைத்துவிட்டு வெறுங்காலால் மிதித்தாள்.

முதல் திருப்பத்தில் ஒரு சின்ன உதறல். பின்னால் ஒருத்தி "அய்யய்யோ" என்றாள். தண்ணீர் சிந்தவில்லை.

"பழைய வண்டில மிதிச்சா ஒயர் இழுக்கும், கால்லயே இஞ்சின் தெரியும்" என்றாள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இதுல கால்ல ஒண்ணும் தெரியாது. காதுலதான் கேக்கணும். மொதல்ல அரை வெரக்கட மிதிச்சிட்டு நிக்கணும். சத்தம் மாறும். சரின்னு அது சொன்னப்புறம் மிச்சத்த மிதிக்கணும். பதில் வர்றதுக்குள்ள நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

ஐந்து மாதமாக நானும் அப்படித்தான் அவசரப்பட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

5.40. நூறடி ரோடு மேம்பாலம். ஏற்றத்தின் நடுவில் முன்னால் போன பேருந்து நின்றுவிட்டது. பழைய வண்டியாக இருந்தால் இந்த இடத்தில் பின்னால் உருளும், பதறிப்போய் மிதிப்போம், குதிக்கும். வளர்மதி பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். வண்டி ஏற்றத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றது. அரை விரற்கடை. சத்தம் மாறியது. மீதியை மிதித்தாள். எட்டுப் பெண்களும் நண்டுகளும் ஓர் அங்குல உதறல்கூட இல்லாமல் மேலே போனோம். நான் கை தட்டிவிட்டேன். வேறொருவர் ஓட்டும் வண்டிக்கு நான் கை தட்டியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

இந்திரா காந்தி சிலை, ரெட்டியார்பாளையம் எல்லாம் வழுக்கிக்கொண்டு போயின. லேன் கோட்டைத் தாண்டினால் ஸ்டியரிங் லேசாக உறுமியது. "இருடி, பாத்துட்டேன்" என்று அதற்கும் பதில் சொன்னாள். பின்னால் பேச்சு கலகலப்பாகிவிட்டது. அஞ்சலைகூட டப்பிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

5.58. கிட்டத்தட்ட ஏழு கிலோமீட்டர் முடிந்து, மூலக்குளத்தில் இறங்கும் இடத்துக்கு இன்னும் ஐம்பது அடி. இடது பக்கச் சந்திலிருந்து, ஹேண்டில் நிறைய பால் பாக்கெட் மாட்டிய ஸ்கூட்டர் ஒன்று, ஓட்டியவர் எங்கள் பக்கம் திரும்பியே பார்க்காமல் குறுக்கே பாய்ந்தது. வளர்மதியின் கால் ஆக்ஸிலேட்டரை விட்டுக் கிளம்பியது. அது பிரேக்கைத் தொடுவதற்குள் வேன் அலறித் தானே பிரேக்கை அழுத்திவிட்டது. நின்றோம். எங்கள் பம்பருக்கும் அந்த மனிதரின் முழங்காலுக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்தது. அவர் எங்களைப் பார்த்தார், கீழே விழுந்த பால் பாக்கெட்டைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

பின்னால் திரும்பினேன். டப்பு சாய்ந்து கிடந்தது. அஞ்சலை இடுப்பிலிருந்து கால்வரை நனைந்திருந்தாள். ஒரு நண்டு அவள் முந்தானையைப் பிடித்துத் தொங்கியது. தண்ணீர் கொட்டக் கூடாது என்பதுதான் பேச்சு, கொட்டிவிட்டது. வளர்மதி இஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, திரும்பாமலே பின்னால் நீட்டினாள்.

அஞ்சலை நண்டைப் பிய்த்து டப்பில் போட்டாள். புடவையைப் பிழிந்தாள். தெருவில் விழுந்து கிடந்த பால் பாக்கெட்டைப் பார்த்தாள்.

"அந்தாளு உசுரோட வூட்டுக்குப் போறான் பாரு" என்றாள். "நான் நனஞ்சா காஞ்சுப்பேன். சாவிய ஏன்டி என்கிட்ட நீட்டற? முந்தானைல முடிய எடம் ஏது, நண்டுதான் கிழிச்சிடுச்சே. உன் கழுத்துலயே மாட்டு. நாளைக்கி நாலே முக்காலுக்கு வண்டி நிக்கணும்."

வேனே அதிரும்படி சத்தம். கதவைத் திறந்ததும் மற்ற ஏழு பேரும் கூடையோடு குதித்து இறங்கினார்கள். வளர்மதி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து, ஒரு நிமிடம் அழுதாள். பிறகு சந்தனம் கலைந்த முகத்தோடு சிரித்தபடி தானும் ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். நான் பார்த்த வெற்றி ஊர்வலங்களில் மீன் வாசனை அடித்தது இது ஒன்றுதான்.

பகல் 11.30. கும்பகோணம் பேருந்து. கடலூர் தாண்டும்வரை என் மனம் ஒரே இடத்தில் நின்றது. சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் கழுவுவதற்காக என் வேனின் முன்னால் கட்டியதை அவிழ்த்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் நான் மறுபடி கட்டுவேன், முன்பைவிடப் பெரிதாக.

மாலை 4.15. வீட்டு வாசலில் பையைக்கூட வைக்காமல் பம்பருக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். ஐந்து எலுமிச்சை, நடுவில் ஒரு சின்னப் படிகாரக் கட்டி, எல்லாம் நல்ல கனமான இரும்புக் கம்பியில். அவிழ்த்துப் பின்னால் கொண்டுபோய்க் கட்டினேன். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்து, அரை விரற்கடை மிதித்துவிட்டு, அது என்ன சொல்கிறது என்று காது கொடுத்தேன்.