ஒரு முகத்துக்கு எத்தனை கொம்பியூட்டர்

கடல் வந்துபோன அடுத்த வருடம் களுவாஞ்சிக்குடிக்குக் கொம்பியூட்டர்கள் வந்து இறங்கின. பழைய உடுப்பு, காலாவதியான மாத்திரை, கழுத்து மூடிய கம்பளிச் சட்டை இவற்றோடு ஒரே லொறியில் வந்தன. எங்கள் வெயிலுக்குக் கம்பளி அனுப்பியவர்கள் எப்படிப்பட்ட மெஷின் அனுப்பியிருப்பார்கள் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம். அவற்றை வரிசையாக அடுக்கி ஒரு பயிற்சி நிலையம் திறந்தார்கள். கொழும்பில் ஒரு டிப்ளோமா முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த என்னைப் படிப்பிக்கக் கூப்பிட்டார்கள். எங்கள் வீடு வாவிப் பக்கம், கடல் எங்கள் வாசல் வரைக்கும் வரவில்லை. அதனால் சான்றிதழ்கள் எல்லாம் நனையாமல் என் கையில் இருந்தன. கடற்கரைத் தெருவில் என்னைவிடக் கெட்டிக்காரிகள் இருந்தார்கள். ஆனால் அதைக் காட்ட அவர்களிடம் ஒரு துண்டுக் கடதாசியும் மிஞ்சவில்லை.

நான் முதன்முதலில் தொட்ட மெஷின் ஒரே ஒரு ஃப்ளொப்பியில் எழும்பி நிற்கும். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். ஒரு மெகாபைட் மெமரிகூட அதற்கு அதிகம். பிறகு விண்டோஸ் தொண்ணூற்றைந்து வந்து நாலு கேட்டது. தொண்ணூற்றெட்டு பதினாறு கேட்டது. எக்ஸ்பி வந்ததும் அறுபத்துநாலுக்குக் குறைந்தவர்களை உள்ளேயே எடுக்கவில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் வருடத்துக்கு வருடம் சீதனத்தைக் கூட்டிக் கேட்பது போலத்தான் இதுவும். வெளிநாட்டில் ஒவ்வொரு கந்தோரும் கம்பனியும் எக்ஸ்பிக்கு மாறியபோது, சீதனம் போதாமல் கழித்த மெஷின்கள் குப்பைக்குப் போக வேண்டியிருந்தன. அந்த நேரம் பார்த்து எங்கள் கடல் பொங்கியது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று.

நிலையம் திறந்து கொஞ்ச நாளில் ஒரு அக்கா வந்தார். கடற்கரைத் தெருவில் இருந்தவர், அப்போது தகரக் கொட்டிலில் இருந்தார். ஊரில் அவரை எல்லாருக்கும் தெரியும், வாயால் தெரியும். அவர் மீன் விலை பேசினால் மீன்காரன் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு ஓடுவான். புருஷன் எப்போதோ வேறு குடும்பம் கட்டிக்கொண்டு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரைக்குப் போய்விட்டார். இருந்தது ஒரே மகள். அந்த வருடம்தான் பெரியபிள்ளையாகியிருந்தாள். கடல் அவளைக் கொண்டுபோனது, உடலும் கிடைக்கவில்லை.

அவளுடைய ஒரு படமும் மிஞ்சவில்லை. வீட்டு அல்பம் போய்விட்டது. சொந்தக்காரர் எல்லாரும் அதே தெரு, அவர்களுடைய அல்பங்களும் போய்விட்டன. பள்ளிக்கூடமும் கடற்கரையில்தான் இருந்தது. அடையாள அட்டைக்கு அவளுக்கு வயது வரவில்லை. மிஞ்சியது அவள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்கு எடுத்த வீடியோ மட்டும்தான். எடுத்தவரின் மெஷினுக்கு வீடியோவை வெட்டி ஒட்டுகிற அளவு பலம் இல்லாததால், அவர் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி டவுனில் ஒரு கூட்டாளியின் கடையில் கொடுத்து வைத்திருந்தார். அதனால் டிஸ்க் தப்பியது. கூட்டாளி கடையைப் பூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டார். வீடியோக்காரரும் எல்லாவற்றையும் இழந்து கட்டாருக்குப் புறப்பட்டார். போகும்போது டிஸ்க்கை அக்காவின் கையில் கொடுத்து, ஒரு நல்ல மெஷினில் போட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா அதை மகளின் பாவாடை ஒன்றில் சுற்றிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். அந்தப் பாவாடையும் சேற்றுக்குள்ளிருந்து எடுத்ததுதான்.

"இதுக்குள்ள என்ட பிள்ள இரிக்காள். முகத்த மட்டும் எடுத்துத் தா புள்ள, வேற ஒண்டும் வேணாம்."

எங்கள் பக்கத்தில் திவசத்துக்குச் செத்தவரின் படத்தை வைத்து, மாலை போட்டு, படத்துக்கு முன்னால்தான் இலை போடுவோம். அக்கா முதல் திவசத்துக்கு வெறும் விளக்கு ஒன்றை வைத்து, அதற்கு முன்னால் சோறு படைத்தார். சாப்பிட வந்த ஒரு பெண், ஆருக்குக்கா இந்தச் சோறு என்று கேட்டாளாம். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் அவளுடைய இலையை எடுத்து நாய்க்குப் போட்டிருப்பேன்.

டிஸ்க்கை என் மெஷினில் மாட்டினேன். தொண்ணூற்றெட்டு அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. எக்ஸ்பி மெஷினில் எழுதிய டிஸ்க்கைப் படிக்கத் தொண்ணூற்றெட்டுக்குத் தெரியாது, அப்படி ஒன்று இருப்பதாகவே அது ஒப்புக்கொள்ளாது. எக்ஸ்பியைப் போடலாம் என்றால் மெமரி போதாது. நாலைந்து மெஷின்களைத் திறந்து மெமரியைப் பிடுங்கி ஒன்றிலே சேர்க்கப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்து மெஷின், பல்லும் பல்லும் பொருந்தவில்லை. கடைசியில் ஒரு சோடி பொருந்தியது. எக்ஸ்பி முக்கி முனகி எழும்பியது.

வீடியோவைத் திறந்தபோது அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாசலில் கட்டிய வாழைமரம் தெரிந்தது. பெண்கள் குரவை போடத் தொடங்கிய சத்தம் ஒரு கணம் கேட்டது. அத்தோடு திரை நின்றுவிட்டது. வாழைமரம் அசையவில்லை. எலியை உருட்டிப் பார்த்தேன், விசையை அமுக்கிப் பார்த்தேன், அணைத்துத் திரும்பப் போட்டேன். ஒவ்வொரு முறையும் வாழைமரம் வரை வந்து நின்றது. அவ்வளவு பெரிய வீடியோவைத் தூக்க அந்த மெஷினால் முடியவில்லை. அக்கா மெஷினைப் பார்த்துச் சொன்ன சொற்களை நான் இங்கே எழுதப்போவதில்லை.

அடுத்த நாள் நிலையத்துக்குப் பொறுப்பான மேற்பார்வையாளர் வந்தார். மெஷின்களை அனுப்பிய வெள்ளைக்காரர்கள் பார்க்க வருகிறார்கள் என்றும், எல்லா மெஷினிலும் விளக்கு எரிய வேண்டும் என்றும் சொன்னார். நான் வயிறு திறந்து வைத்திருந்த மெஷின்களைப் பார்த்துச் சத்தம் போட்டார். எல்லாவற்றையும் பழையபடி மாட்டவைத்து, மூடிகளில் தன் கையெழுத்தோடு தாள் ஒட்டினார். ஒட்டுக் கிழிந்தால் என் வேலையும் கிழியும் என்றார். வந்தவர்கள் எரிகிற விளக்குகளுக்கு முன்னால் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். படத்துக்காக நாள்முழுக்கப் பவுடர் போட்டுக் காத்திருந்த பிள்ளைகளுக்கு ஒரு பிரதிகூடத் தரவில்லை.

மேற்பார்வையாளரின் ஒஃபீசில் நல்ல பலமான மெஷின் இருந்தது. அக்கா அங்கே போய்க் கேட்டார். வெளியார் டிஸ்க் போடக் கூடாது என்பது விதி என்றார் அவர். அக்கா விடவில்லை, வாசலிலேயே இருந்தார். இப்படி அழுகிற ஒவ்வொருத்திக்கும் மெஷின் திறந்தால் நாங்கள் எப்போது வேலை செய்வது என்று கேட்டு, மேற்பார்வையாளர் காவலாளியைக் கூப்பிட்டார். அந்த வருடங்களில் எல்லாவற்றுக்கும் ஒரு குறைந்தபட்சத் தகுதி இருந்தது. காணி உறுதிப் பத்திரம் இருந்தால் வீடு, உடல் கிடைத்தால் மரணச் சான்றிதழ், இத்தனை மெமரி இருந்தால் எக்ஸ்பி. அக்காவிடம் இவற்றில் ஒன்றும் இல்லை.

பிறகு இராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் சண்டை திரும்பவும் தொடங்கியது. டவுனில் வேறு கடைகள் இல்லாமல் இல்லை. ஆனால் என்ன இருக்கென்று தெரியாத டிஸ்க்கைத் தொடக் கடைக்காரர்கள் பயந்தார்கள். உள்ளே யாருடைய படம் இருக்குமோ, சுற்றிவளைப்பில் அகப்பட்டால் யார் பதில் சொல்வது? அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஒரு கடைக்காரர் மட்டும் அக்காவிடம் நேராகவே சொன்னார்.

"இத இனி இங்க கொண்டு வராதீங்க அக்கா. உங்கட பிள்ள போயிட்டு. எனக்கு இன்னும் இரிக்கி."

அக்கா அதை என்னிடம் வந்து சொன்னபோது அவருக்குக் கோபம் வரவில்லை. அவன் சொல்றது சரிதானே என்றார். எனக்குத்தான் கோபம் வந்தது.

படுவான்கரையில் ஷெல் விழத் தொடங்கியதும் சனம் வாவியைக் கடந்து எங்கள் பக்கம் வந்தது. கொக்கட்டிச்சோலையிலிருந்தும் கரடியனாற்றிலிருந்தும் வந்தவர்கள் கோயிலிலும் பள்ளிக்கூடத்திலும் இடமில்லாமல் எங்கள் நிலையத்துக்குள்ளும் நிறைந்தார்கள். மெஷின்களைத் தூக்கி வெளியே வைத்தோம். மழை பெய்தது. ஒருத்தி இரண்டு மெஷின்களை நிமிர்த்தி வைத்து, காற்றுப் படாமல் அடுப்பு மூட்டினாள். மேற்பார்வையாளர் ஒட்டிய தாள் சூட்டில் சுருண்டு கழன்று விழுந்தது. அந்த மெஷின்கள் இந்த ஊரில் உருப்படியாகச் செய்த முதல் வேலை அதுதான். மேற்பார்வையாளர் அந்தப் பக்கமே வரவில்லை.

கிழக்கில் சண்டை ஓய்ந்தபின் சனம் திரும்பிப் போனது. கிழக்கைத் தூக்கி நிறுத்தப்போகிறோம் என்று ஒரு கூட்டம் வந்தது. அவர்கள் புத்தம் புதிய மெஷின்கள் கொடுத்தார்கள், உள்ளே விஸ்டா. எக்ஸ்பி கேட்டதைப் போல எட்டு மடங்கு மெமரி அதற்கு வேண்டும், அதைக் கொடுத்தாலும் சோம்பல் முறித்துக்கொண்டுதான் எழும்பும். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. அந்த வாழைமரத்தைத் தாண்டிப் போக இந்த மெஷினுக்குப் பலம் உண்டு என்று அக்காவுக்கு ஆள் அனுப்பினேன். அவர் தலைகூட வாரி இழுக்காமல் ஓடி வந்தார்.

மூடியைக் கழற்றினேன். பழைய டிஸ்க்குக்கு அகலமான பட்டை வயர் வேண்டும். புது மெஷினில் அந்த வயரை மாட்ட இடமே இல்லை. இனி மெல்லிய வயர்தான், பழையதெல்லாம் முடிந்தது என்று யாரோ எங்கோ தீர்மானித்துவிட்டார்கள். முன்பு மெஷினுக்கு வயிறு போதவில்லை, இப்போது வாயே இல்லை. இதை அக்காவுக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்று தெரியாமல் வயரையும் டிஸ்க்கையும் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். அவர் டிஸ்க்கை வாங்கிப் பாவாடையில் சுற்றினார்.

"என்ட பிள்ளைக்கு மட்டும் ஒரு இடத்திலயும் வாசல் இல்ல, என்ன?"

பிறகு வந்த மாதங்களில் நான் கொழும்புக்குப் போகிற எல்லாரிடமும் அந்த இரண்டு வயரையும் இணைக்கிற சாமான் ஒன்று வாங்கி வரச் சொன்னேன். வயர் என்றதும் எல்லாரும் பின்வாங்கினார்கள். வயரைக் கண்டால் குண்டு என்று பிடித்துக்கொண்டு போகிற அந்தக் காலத்தில் பொலித்தீன் பையில் வயரோடு பஸ்ஸில் வர யாருக்குத் துணிவிருந்தது? கடைசியில் வங்கியில் வேலை செய்த ஒருவர் வங்கிக்கு வந்த கறண்டுச் சாமான்களோடு சாமானாகக் கொண்டுவந்து தந்தார். அவர் வந்த கிழமைதான் வடக்கில் எல்லாம் முடிந்தது என்று அறிவித்தார்கள்.

விடுமுறை விட்டார்கள். கடைகள் எல்லாம் கொடி கட்ட வேண்டியிருந்தது. வெற்றியைக் கொண்டாடச் சந்தியில் பாற்சோறு கொடுத்தார்கள். வாங்காமல் போகிறவரைப் பார்த்து வைக்க ஆள் நின்றதால் நானும் வாங்கினேன். கையில் வைத்திருந்த சோற்றை நிலையத்தின் பின்பக்கம் காகத்துக்குப் போட்டுவிட்டு, அக்காவை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். வெளியே பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது.

டிஸ்க் சுற்றியது. மெஷினுக்கு அந்த வீடியோ ஒரு பொருட்டாகவே இல்லை. வாழைமரம் அசைந்தது. குரவை முழுதாகக் கேட்டது. சேலையும் நகையும் பூவுமாக அந்தப் பிள்ளை மணவறைக் கதிரையில் இருந்தாள். வெட்டாத, ஒட்டாத வீடியோ. எடுத்தவர் நிறுத்த மறந்த இடமெல்லாம் அதில் அப்படியே கிடந்தது. சடங்குப் பிள்ளை தலை குனிந்துதான் இருக்க வேண்டும் என்பது வழக்கம். அதனால் நெற்றியும் நெற்றிச்சுட்டியும் தெரிந்தன, முகம் தெரியவில்லை. முகம் பாதி தெரிந்த ஓரிரண்டு இடத்தில் கண்ணீரில் மை கரைந்திருந்தது. பிறகு அக்காவே திரைக்குள் வந்தார். ஒட்டியாணத்தை இழுத்து இறுக்கினார். அந்தப் பிள்ளை மெல்லமாகச் சொன்னது கமெராவில் தெளிவாக விழுந்திருந்தது.

"அம்மா, மூச்சு முட்டுது."

"கொஞ்ச நேரம் பொறுத்தா செத்தா போயிருவாய்? நிமிர்ந்து சிரி, சனம் பாக்குது."

சொல்லிக்கொண்டே அவள் தாடையைப் பிடித்து முகத்தைக் கமெராப் பக்கம் திருப்பினார். அந்த ஒரு கணத்தில்தான் அவள் முகம் முழுதாகத் தெரிந்தது. அழகான பிள்ளை. பயந்திருந்தாள்.

எனக்கு அந்த மெஷினைத் தூக்கி நிலத்தில் அடிக்க வேண்டும் போல இருந்தது. இத்தனை வருடம் படிக்கத் தெரியாமல் நின்ற மெஷின்கள் எவ்வளவு நல்லவை என்று நினைத்தேன். எல்லாத் தாயும் சொல்கிற பேச்சுத்தான் அது. என் அம்மாவும் என்னிடம் ஆயிரம் தரம் சொல்லியிருப்பார், நான் உயிரோடு இருப்பதால் அதில் ஒன்றும் அவருக்கு ஞாபகமில்லை. திரும்பப் போடு என்றார் அக்கா. போட்டேன். இன்னொரு தரம் போடு என்றார். பிறகு நிறுத்தச் சொன்னார்.

"முகத்த எடு புள்ள. என்ட கைய வெட்டிப் போடு."

வெட்டிப் பார்த்தேன். கையை வெட்டினால் தாடை போனது, கன்னத்தில் பாதி போனது. மிஞ்சியது ஒரு பிள்ளையின் முகமாகவே இல்லை. வேறு இடங்களிலும் தேடினேன், குனிந்த தலையும் கரைந்த மையும்தான் இருந்தன. சரியாக வரவில்லை அக்கா என்றேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே, அப்ப கை இரிக்கட்டும் என்றார்.

மார்கழிப் பறுவத்துக்கு, கடல் வந்த அதே பௌர்ணமிக்கு, திவசம் வந்தது. படத்தைக் கண்ணாடி போட்டு, மாலை சாத்தி, அதற்கு முன்னால் இலை போட்டிருந்தார். நானும் போயிருந்தேன். முதல் வருடம் சோறு ஆருக்கு என்று கேட்டவளும் வந்திருந்தாள். அவள் படத்துக்குக் கிட்டப்போய்க் குனிந்து பார்த்தாள். பெற்றவள் என்ன ஆசையாகத் தாடையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் பாருங்கள் என்று மற்றப் பெண்களையும் கூப்பிட்டுக் காட்டினாள். பார்த்தவர்களில் இரண்டு பேர் அழுதார்கள். கொடுத்துவைத்த பிள்ளை என்றாள் ஒருத்தி. ஊரையே வாயால் விரட்டுகிற அக்கா குனிந்து, முதல் வருடம் கேட்டவளின் இலைக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார்.