ஒரே மிதியில் நிற்கட்டும்

ஓய்வு பெற்று ஊருக்குப் போன ஒரு மேலதிகாரியிடமிருந்து என் கணவர் அந்தப் பழைய காரை வாங்கினார். தொண்ணூறுகளின் நடுவில் இருக்கும். டெல்லி கிட்வாய் நகரில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குக் கீழே வேப்பமரத்தடியில் அது நின்றது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தக் குறையைக் கார் தீர்க்கிறது என்று காலனியில் சிலர் பேசிக்கொண்டார்கள். எனக்கு அந்தப் பேச்சே ஆகாது.

நாலு சக்கரத்துக்கும் பழைய டிரம் பிரேக். ஒரு நாள் ரவுண்டானாவில் ஒரு பஸ்ஸின் முதுகுக்குச் சாண் தூரத்தில் போய் நின்றது. நான் இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் மாற்றும் வேலையில் அவர் இறங்கினார். ஞாயிறுதோறும் காஷ்மீரி கேட் உதிரிபாகக் கடைகளில் அலைந்து சாமான் சேர்த்தார். மாற்றி முடித்ததும் வேறொரு வியாதி வந்தது. முதல் மிதியில் பெடல் தரைவரைக்கும் போய்விடும். இரண்டாவது மிதியில்தான் பிடிக்கும்.

"ரெண்டு தடவ மிதிச்சா கல்லு மாதிரி நிக்குது. வா, ஏறு," என்றார்.

"எதிர்ல வர்றவன் ரெண்டு தடவ வருவானா? ஒரே மிதியில நிக்கட்டும், அப்ப ஏறுறேன்."

நான் சொன்னால் சொன்னதுதான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

காரணத்தை அவர் கண்டுபிடித்துவிட்டார். நான் பீன்ஸ் நறுக்க உட்கார்ந்தால் எதிரில் வந்து உட்கார்ந்து விளக்குவார். அந்தக் காலத்து வண்டியில் பிரேக் எண்ணெயைத் தள்ளும் சிலிண்டர் டிரைவரின் காலுக்கு அடியில், சக்கரத்து பிரேக்கைவிடத் தாழ்வாக இருக்கிறது. காலை எடுத்ததும் எண்ணெய் மெல்லத் திரும்பி இறங்கிவிடுகிறது. அடுத்த முறை முதல் மிதி அதை மேலே ஏற்றுவதற்கே சரியாகப் போகிறது. குழாயில் ஒரு சின்ன வால்வு வைத்தால், காலை எடுத்த பிறகும் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முன்னால் டிஸ்குக்கு இரண்டு பவுண்டு, பின்னால் டிரம்முக்குப் பத்து. நான் 'ம்' கொட்டிக்கொண்டே நறுக்குவேன். அந்த வால்வு டெல்லியில் கிடைக்கவில்லை. வெளிநாட்டில் இருந்த ஒரு நண்பரிடம் சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

அதுவரை சனிக்கிழமைகளில் நாங்கள் மலைக் கோயிலுக்குப் போன அழகைப் பார்த்துக் காலனியே சிரித்தது. நான் பஸ்ஸில் போவேன். பின்கதவில் ஏறிக் கடைசி வரிசையில் இடம் பிடிப்பேன். அவர் அந்தப் பஸ்ஸுக்குப் பின்னாலேயே காரில் வருவார், முந்திப் போகமாட்டார். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் பஸ் நிற்கும்போது அவரும் இரண்டு தடவை மிதித்து நிறுத்துவார். மிதிக்கும்போது தலையும் இரண்டு முறை ஆடும். பிறகு பஸ்ஸின் பின்கண்ணாடியைப் பார்த்துக் கையை உயர்த்துவார். நானும் உயர்த்துவேன். வீட்டில் எத்தனை சண்டை போட்டுக் கிளம்பியிருந்தாலும் அதில் மட்டும் நான் தவறியதில்லை. கோயிலில் சேர்ந்து கும்பிடுவோம், திரும்பும்போதும் அதே ஊர்வலம்தான்.

ஒரு வழியாக வால்வுகள் வந்து சேர்ந்தன. "வர்ற ஞாயித்துக்கிழமை மாட்டிரலாம்," என்றார். வியாழக்கிழமை அலுவலகத்தில் மதியச் சாப்பாடு முடித்து எழுந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் போன பிறகு நான் பீன்ஸ் வாங்குவதையே நிறுத்திவிட்டேன். எதிரில் யாரும் பேசாமல் காய் நறுக்க எனக்குத் தெரியவில்லை. கோயிலுக்கும் போகவில்லை. மாதக்கணக்கில் பால்காரரைத் தவிர யாரும் கதவைத் தட்டவில்லை.

குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் நேரம் வந்தது. ஜனக்புரியில் பார்த்திருந்த அறைக்குப் பக்கத்தில் கார் நிறுத்த இடமில்லை. ஒருவர் வாங்க முன்வந்தார். மனைவியையும் இரண்டு சின்னப் பெண்களையும் கூட்டிக்கொண்டு பார்க்க வந்தார். பிரேக் விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். அதனாலென்ன, இரண்டு தடவை மிதித்துப் பழகிக்கொள்கிறேன் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் ஏற மறுத்த வண்டியில் இன்னொருத்தியை எப்படி ஏற்றுவேன்? சரி செய்யாமல் தரமாட்டேன் என்று அனுப்பிவிட்டேன்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் ஷெட் வைத்திருந்த மெக்கானிக்கிடம் வால்வுகளைக் கொடுத்தேன். முன் பிரேக்குக்குத்தான் வேலை அதிகம் என்று அவர் பத்து பவுண்டு வால்வை முன்னால் மாட்டிவிட்டார். காலனியை ஒரு சுற்று வருவதற்குள் முன் சக்கரங்கள் பொசுங்கி நாறின. காலை எடுத்தும் பிரேக் விடாமல் கவ்விக்கொண்டிருந்தது.

"வால்வ் கராப் ஹை, ஆன்ட்டிஜி," என்று கழற்றப் போனார்.

வால்வு கெடவில்லை, முன்னால் இரண்டு, பின்னால் பத்து, மாற்றி மாட்டுங்கள் என்று ஹிந்தியில் சொன்னேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. காதில் வாங்கவில்லை என்று நினைத்திருந்த அத்தனையும் உள்ளே இருந்திருக்கிறது. ஷெட் வாசலில் நின்று அழுதேன். அந்த மனிதர் ஸ்டூலை எடுத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

சனிக்கிழமை வண்டி தயாரானது. மெக்கானிக் ஓட்ட, நான் முன் சீட்டில் உட்கார்ந்தேன். முதல் திருப்பத்தில் ஒரு தடவை மிதித்தார், நின்றது. "ஏக் ஹி பார் மே," என்று ஒற்றை விரலைக் காட்டினார். மலைக் கோயிலுக்கு விடச் சொன்னேன்.

ரிங் ரோட்டில் எங்கள் பஸ் முன்னால் போய்க்கொண்டிருந்தது. மெக்கானிக் முந்தப் பார்த்தார்.

"நஹீ பையா, பீச்சே ஹி," என்றேன்.

பஸ்ஸின் பின்னாலேயே போனோம். ஸ்டாப்பில் அது நின்றதும் நாங்களும் நின்றோம். பின்கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தேன். தூசி படிந்த கண்ணாடியில் வெயிலும் வானமும்தான் தெரிந்தன. கடைசி வரிசையில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்றுகூடத் தெரியவில்லை. அடுத்த ஸ்டாப்பில் முன்னால் குனிந்து கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தேன். அப்போதும் அப்படியேதான்.

நான் கையை உயர்த்தியதை என் கணவர் ஒரு நாளும் பார்த்திருக்க முடியாது. ஒன்றும் தெரியாத அந்தக் கண்ணாடியைப் பார்த்துத்தான் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அவர் கையை உயர்த்தியிருக்கிறார்.

அதற்கடுத்த ஸ்டாப்பில் நானும் உயர்த்தினேன்.