வெர்னா வாங்கிக் கொடுத்த அரை டாலர்

எங்கள் ஊர் வீடுகளில் ஹார்லன் ஜெர்பி என்றால் தண்ணீர் மீட்டர் பார்க்க வருகிறவர். நாணயச் சங்கத்துக்காரர்களுக்கோ அவர் கோணல் ஹார்லன். பென்சில்வேனியாவில் பழங்காசு சேர்க்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. எல்லோரும் பளபளவென்று திருத்தமாக இருப்பதைத் தேடி அலைவார்கள். இவருக்கு மட்டும் இருநூறு வருடத்துக்கு முன்னால் அடிக்கும்போதே சறுக்கிய வெள்ளிக் காசுதான் வேண்டும். ரசனை அப்படி, என்ன செய்வது?

யாராவது ஒரு கோணல் காசைக் கொண்டுவந்தால் போதும், சாப்பிடுவதைக்கூட விட்டுவிட்டுப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவார்.

"திருப்பிப் பாருப்பா. ரெண்டு பக்கமும் படம் நகர்ந்திருந்தா, அடிக்கிறப்போ வெள்ளித் தகடு சரியா உக்காரலைன்னு அர்த்தம். தலைப் பக்கம் மட்டும் நகர்ந்து, பின்னால கழுகுப் பக்கம் நேரா இருந்தா, தலையை அடிக்கிற அச்சு விலகியிருக்கு. அவ்வளவுதான். ஆனா மொதல்ல விளிம்பைப் பாரு. அந்தக் காலத்து அரை டாலருக்கு விளிம்புல எழுத்து உண்டு. ஓரத்தை அரத்தால சாய்ச்சுத் தேச்சு, அச்சு விலகினதுன்னு தலையில கட்டுவானுங்க. தேச்சா எழுத்தோட தலை போயிடும்."

இப்படி ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவர், ஒரே ஒரு காசின் விளிம்பை மட்டும் பார்த்ததே இல்லை. அது கல்யாணமான புதிதில் மனைவி வெர்னா சந்தையில் வாங்கிக் கொடுத்தது. சுதந்திரதேவியின் முகம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். விற்றவன் பெயரைக் கேட்டதுமே ஹார்லனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அரமும் கையுமாகத் திரிகிறவன் என்று அவனுக்குப் பேர். வெர்னாவோ காசின் முகம் மட்டும் தெரிகிற ஜன்னல் வைத்த அட்டை உறைக்குள் அதை வைத்து, தன் கையாலேயே நாலு பக்கமும் ஸ்டேப்ளர் பின் அடித்து, முகமெல்லாம் சிரிப்பாக நீட்டினார். அட்டை விளிம்பை மறைத்துக்கொண்டது. ஹார்லன் அந்த உறையைப் பிரிக்கவே இல்லை.

பிரிக்காவிட்டால் என்ன, தினமும் காலையில் காப்பியோடு எடுத்துப் பார்ப்பார். கண்காட்சிக்கு மட்டும் கொண்டுபோக மாட்டார். "அது வீட்டை விட்டு வெளியே போகக் கூடாத காசு" என்பார். காரணம் இருந்தது. எங்கள் சங்கத்துக் கண்காட்சியில் பரிசுப் போட்டி உண்டு; ஒருவர் சந்தேகம் என்று கைதூக்கினால், காசுக்காரர் எல்லோர் எதிரிலும் உறையைத் திறந்தாக வேண்டும்.

இந்த வருடம் தீயணைப்பு நிலையக் கூடத்தில் கண்காட்சி. மனுஷனுக்குக் கூச்சம் போல என்று நினைத்த வெர்னா, அந்தக் காசைக் கைப்பையில் கொண்டுவந்து ஹார்லனின் கண்ணாடிப் பெட்டியின் நடுவில் தானே வைத்துவிட்டார். ஹார்லன் கவனிப்பதற்குள் லூதர் மோயரின் கை உயர்ந்துவிட்டது. இருவருக்கும் நாற்பது வருடப் பழக்கம். லூதரின் வாய் மட்டும் யாரையும் விட்டுவைக்காது.

"ஏம்ப்பா கோணல், இது தேச்ச மாதிரி இருக்கே. தொறயேன்."

"இதைத் தொறக்க மாட்டேன். போட்டியிலேருந்து எடுத்துக்கறேன்."

"எதுக்கு எடுக்கணும்?" என்றார் வெர்னா. "நான் வாங்கினது. தொற."

"வேணாம் வெர்னா. சொன்னாக் கேளு."

பாவம், ஹார்லனின் நெற்றியில் வியர்வை பூத்திருந்தது. தான் தோற்பதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. இத்தனை பேர் நடுவில் வெர்னாவின் முகம் வாடிப்போகுமே, அதுதான் பயம். வெர்னா காத்திருக்கவில்லை. நகத்தாலேயே பின்களை நெம்பி எடுத்து, காசை லூதரிடம் கொடுத்துவிட்டார்.

லூதர் பூதக்கண்ணாடியை வைத்து விளிம்பை மெல்லச் சுழற்றினார். 

"எழுத்து முழுசா இருக்கு," என்றார் லூதர். கழுகுப் பக்கம் திருப்பினார். "ஓரத்துல சுத்தி வர்ற பல்வரிசை ஒரே அளவு. தலைப் பக்கம்தான் ஒதுங்கியிருக்கு. அச்சு விலகினதேதான். அசல். நான் வாயை மூடிக்கறேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். ஹார்லன் பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். அவருக்குச் சந்தோஷத்தில் மூச்சே வாங்கியது. வெர்னா குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"எதுக்கு இவ்வளவு பயந்தே?"

ஹார்லனுக்குப் பொய் வராது. "தேச்சதுன்னு நெனச்சேன்."

"எப்போலேருந்து?"

"நீ குடுத்த அன்னிலேருந்து."

வெர்னாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "போலின்னு நெனச்சுக்கிட்டா தினமும் எடுத்து எடுத்துப் பார்த்தே?"

"காசையா பார்த்தேன்?" என்றார் ஹார்லன்.

வெர்னா அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.