வடிவாத் தெரிஞ்சாக் காணும்

பொன்னம்பலம் அங்கிள் பத்தொன்பது வருடம் ஸ்காபரோவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். அதற்கு முன் கூரை வேலை. வெயிலும் தூசியும் பட்டுப் பட்டு, இரண்டு கண்களிலும் மூக்குப் பக்கமிருந்து சதை வளர்ந்து கருவிழியின் மேல் ஏறத் தொடங்கியிருந்தது. அதை வெட்டி எடுக்கச் சென்ற வருடம் மார்ச்சில் எங்கள் கண் கிளினிக்குக்கு வந்தார்.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் அங்கே சேர்ந்திருந்தேன். தமிழ் தெரியும் என்பதற்காகத்தான் எடுத்தார்கள். வருகிறவர்களிடம் விபரம் கேட்டு ஆங்கிலத்தில் படிவம் நிரப்புவது என் வேலை.

எதற்காக ஒப்பரேசன் என்று அவரைக் கேட்டேன்.

"வடிவாத் தெரிஞ்சாக் காணும், பிள்ளை."

எங்கள் வீட்டில் வடிவு என்றால் அழகு; சேலை, கலியாணம், படம் பிடிப்பது. அழகாகத் தெரிந்தால் போதும் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். நான் 'தோற்றத்துக்காக' என்று எழுதினேன். அன்று கிளினிக் நிறைந்திருந்தது. டொக்டர் என் வரியை அப்படியே தன் குறிப்பில் சேர்த்துக்கொண்டார். பில்லிங் செய்யும் ரதி அக்கா அதைப் பார்த்துத்தான் பில்லுக்குக் கோட் நம்பர் போடுவார். பார்வை பாதித்திருந்தால் அரசாங்க மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் செலவைக் கொடுக்கும். அழகுக்கு என்றால் செலவு நோயாளியுடையது. அப்படித்தான் அவருக்கு ஆங்கிலத்தில் கடிதம் போனது. பதில் வரவில்லை. ஒப்பரேசன் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டோம்.

இந்த நவம்பரில் திரும்ப வந்தார். சதை கருவிழியின் நடுவரை வந்திருந்தது. லைசென்ஸ் புதுப்பிக்கும் கண் சோதனையில் தவறி, வேலையும் போய்விட்டது. அரசாங்கம்தான் மறுத்தது என்று நினைத்து இவ்வளவு நாளும் பேசாமல் இருந்திருக்கிறார்.

"றோட்டு வடிவாத் தெரியேல்லை" என்றார்.

அவர் சொன்ன வடிவா, தெளிவாக என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ரதி அக்கா பழைய படிவத்தைத் திறந்து, உது ஆர் எழுதினது என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் ஏசவில்லை. "கோட் நம்பரை இப்பவே மாத்துவன். மாத்தி என்ன, ஒப்பரேசனுக்குக் கியூ பதினாலு மாசம்."

டொக்டர் பார்த்துவிட்டு, சதையை எடுத்தாலும் தழும்பு நிற்கும், பஸ் ஓட்டுகிற அளவுக்குப் பார்வை திரும்பாது என்றார்.

நான் அங்கிளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் பிழை என்றும் சொன்னேன்.

"நீங்கள் படிச்ச பிள்ளை. நான்தான் சரியாச் சொல்லியிருக்க மாட்டன்."

இல்லை, நீங்கள் சரியாகத்தான் சொன்னீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் ஏற்கவில்லை. அது மன்னிப்பா, இந்த நாட்டு அலுவலகக் கவுண்டர்களுக்கு முன்னால் நின்று நின்று வந்த பழக்கமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. என் பட்டத்துக்கு முன்னால் ஒருவர் தன் சொந்த வாயையே நம்பாமல் போனார் என்பது மட்டும் தெரியும்.

போகும்போது, மார்க்கம் றோட்டுக்கு எந்த பஸ் என்று கேட்டார். நம்பரைச் சொன்னேன். தூரத்தில் நம்பர் தெரியாது என்றார்.

டிரைவரிடம் கேட்டு ஏறச் சொன்னேன்.